எதிரிலேயே போட்டிக் கடை: ஆர்லாண்டோ பூங்காக்களின் வியாபாரக் கணக்கு

நம் கடைக்கு நேர் எதிரே, நாம் விற்கும் அதே சரக்கை விற்க இன்னொருவர் கடை திறக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால் அன்று இரவு நமக்குத் தூக்கம் வருவதில்லை. வருகிறவர் பெரிய முதல் போடுகிறவர் என்றால் கவலை இரட்டிப்பாகிறது. இந்தக் கவலை மளிகைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ என்றொரு ஊர் இருக்கிறது. கேளிக்கைப் பூங்காக்களே அந்த ஊரின் பிழைப்பு. டிஸ்னிக்கு அங்கே 4 பெரிய பூங்காக்கள். அதற்கு எதிராக யுனிவர்சல் கம்பெனியின் பூங்காக்கள். இவை போக கடல் உயிரினங்களைக் காட்டும் சீ வேர்ல்டு, சற்றுத் தள்ளி லெகோலாண்டு, நடுவே முதலைகளைக் காட்டும் சிறிய கேட்டர்லாண்டு. எல்லாமே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கிவிடும். எல்லாரும் எதிர்பார்ப்பது அதே வாடிக்கையாளரை. விடுமுறைக்கு வரும் குடும்பத்தை.

எந்தப் பூங்கா சிறந்தது என்று அங்கே போய் வந்தவர்கள் வாதாடிக்கொள்வார்கள். ஒருவர் சவாரியின் வேகத்தைச் சொல்வார், இன்னொருவர் வாணவேடிக்கையைச் சொல்வார். நாம் வியாபாரியின் கண்ணோடு பார்ப்போம். வாடிக்கையாளரை மறுபடி வரவழைத்தது எது, விரட்டியது எது, பெரியவர்களுக்கு நடுவே சிறியவர் பிழைத்தது எப்படி என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

முதல் கடை போட்டவர்

வால்ட் டிஸ்னி தம் முதல் பூங்காவான டிஸ்னிலாண்டை 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் அனகைம் நகரில் திறந்தார். ஆரஞ்சுத் தோட்டமாக இருந்த 160 ஏக்கர் நிலம். செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். திறப்பு நாள் பெருங்குழப்பமாக முடிந்தது. கள்ள அழைப்புச் சீட்டுகளோடு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான கூட்டம் உள்ளே புகுந்தது. புதிதாகப் போட்ட தார்ச் சாலையில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கழிப்பறை, குடிநீர் இரண்டில் ஒன்றுக்குத்தான் திறப்பு நாளுக்குள் வேலையை முடிக்க முடியும் என்ற நிலை. டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். குளிர்பானம் விற்பதற்காகவே குடிநீரை நிறுத்திவிட்டார்கள் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்படித் தொடங்கிய பூங்காவுக்கு இரண்டே மாதங்களுக்குள் 10 லட்சம் பேர் வந்தார்கள். காரணம், அக்காலக் கேளிக்கைத் திடல்களில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. அந்தத் திடல்கள் பெரும்பாலும் அழுக்கும் குப்பையுமாக இருக்கும். வேலையாட்கள் முரட்டுத்தனமாகப் பேசுவார்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் மட்டும் ராட்டினம் சுற்றுவார்கள். டிஸ்னி இதைத் தம் பெண் குழந்தைகளை அழைத்துப் போன இடங்களில் கண்டு மனம் சலித்தவர். ஆகவே குடும்பம் முழுவதும் சேர்ந்து பொழுது போக்கும் இடம், துடைத்து வைத்தாற்போலச் சுத்தம், முகம் சுளிக்காத பணியாளர் என்று மூன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொண்டார். அங்கே வாடிக்கையாளருக்கு விருந்தினர் என்று பெயர். சூயிங்கம் விற்பதில்லை. விற்றால் காசுதான், ஆனால் தரையிலும் பெஞ்சிலும் ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்கு அருவருப்பு ஏற்படுத்தும் என்பதால் அந்த லாபத்தையே வேண்டாம் என்று விட்டார்கள்.

பணியாளர்களுக்கு நெடுங்காலம் நான்கு விதிகளை வரிசைப்படுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் பாதுகாப்பு, அடுத்து மரியாதை, மூன்றாவது காட்சி, கடைசியில்தான் வேலை வேகம். ஐந்தாவதாக, எவரையும் ஒதுக்காமல் அரவணைத்தல் என்ற விதியை 2021-ல் சேர்த்தார்கள். பல கடைகளில் வேகம்தான் முதலிடத்தில் இருக்கிறது. மரியாதை, கூட்டம் குறைந்த பிறகு நினைவுக்கு வருகிறது. வரிசையில் எது முன்னே, எது பின்னே என்று முதலாளி சொல்லி வைத்திருந்தால், நெருக்கடி நேரத்தில் கடைப்பையன் தானாகவே சரியாக நடந்துகொள்வான்.

அனகைமில் டிஸ்னிக்கு ஒரு குறை இருந்தது. பூங்காவைச் சுற்றிப் பிறர் ஓட்டலும் விடுதியும் கட்டிச் சம்பாதித்தார்கள். அதனால் புளோரிடாவில் பல பெயர்களில் கம்பெனி வைத்து, தாம் யாரென்று காட்டாமல் சுமார் 27,000 ஏக்கரைச் சராசரியாக ஏக்கர் 200 டாலருக்கும் குறைவாக வாங்கினார். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை குட்டை உடைத்தபோது நிலத்தின் விலை ஏறத் தொடங்கியது; அதற்குள் கொள்முதல் பெரும்பாலும் முடிந்திருந்தது. 1966-ல் வால்ட் மறைந்தார். அவருடைய அண்ணன் ராய், ஓய்வு பெறும் எண்ணத்தைத் தள்ளி வைத்து வேலையை முடித்து, 1971 அக்டோபர் 1 அன்று தம்பியின் பெயரிலேயே பூங்காவைத் திறந்தார்.

எதிரே வந்தவர்

திரைப்படக் கம்பெனியான யுனிவர்சல், ஆர்லாண்டோவில் ஒரு சினிமாப் பூங்கா தொடங்க ஏற்பாடு செய்தது. டிஸ்னி சும்மா இருக்கவில்லை. தானும் ஒரு சினிமாப் பூங்காவை அவசரமாகக் கட்டி 1989 மே 1 அன்றே திறந்துவிட்டது. யுனிவர்சல் திறந்தது 1990 ஜூன் 7-ல். திறந்த அன்றே அதன் பெரிய சவாரிகள் பழுதாகி நின்றன. சுறா மீன், குரங்கு அரசன் காங், பூகம்பம் என்று எதற்காக மக்கள் வந்தார்களோ அவையே ஓடவில்லை. வந்தவர்கள் கோபத்தோடு பணத்தைக் கேட்டார்கள். கம்பெனி, மறுபடி வருவதற்கு இலவசச் சீட்டுக் கொடுத்து அனுப்பியது. சுறா மீன் சவாரியை அதே ஆண்டில் மூடி, பிரித்துத் திரும்பக் கட்டி 1993-ல்தான் முழுமையாகத் திறந்தார்கள்.

சரக்கு வந்து சேருமுன் கடை திறப்பு விழா நடத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது சான்று. ஆனால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இன்னொரு முறை வரச் சீட்டுக் கொடுத்த செயல், அன்றைக்கு நஷ்டமாகத் தெரிந்தாலும், கெட்ட பெயர் ஊர் முழுக்கப் பரவாமல் காத்தது. எடை குறைந்த பொட்டலத்தைத் திரும்பக் கொண்டு வருபவரிடம் வாதாடாமல் மாற்றிக் கொடுக்கும் கடைக்கும் இதே பலன்தான்.

ஒரே ஒரு தெரு செய்த மாற்றம்

1999-ல் யுனிவர்சல் இரண்டாவது பூங்காவைத் திறந்தது. நல்ல சவாரிகள் இருந்தும் கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. நிலைமையை மாற்றியது 2010 ஜூன் 18 அன்று அங்கே திறக்கப்பட்ட ஹாரி பாட்டர் பகுதி. கதையில் வரும் கிராமத்தை அப்படியே கட்டினார்கள்: பனி மூடிய கூரைகள், குறுகலான கடைகள், பின்னால் ஒரு கோட்டை. துறையினர் மதிப்பீட்டின்படி 2009-ல் சுமார் 46 லட்சம் பேர் வந்த அந்தப் பூங்காவுக்கு 2011-ல் சுமார் 76 லட்சம் பேர் வந்தார்கள்.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது சவாரியை அல்ல, விற்பனையை. அந்தக் கிராமத்தில் வழக்கமான கோலா பானங்கள் கிடையாது. கதையில் பிள்ளைகள் குடிக்கும் வெண்ணெய் பீர் என்ற பானம்தான் கிடைக்கும். பெயரில்தான் பீர், சாராயம் கலக்காத இனிப்புப் பானம். ஓராண்டு முடிவதற்குள் 10 லட்சம் கோப்பைக்கு மேல் விற்றது. வேறு எங்கும் கிடைக்காத சரக்கு என்பதால் விலையை ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் இடமில்லை.

மந்திரக்கோல் கடை இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு நேரத்தில் சிறு கூட்டத்தையே உள்ளே விடுகிறார்கள். கடைக்காரர் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, இதுவல்ல, அதுவல்ல என்று ஒவ்வொரு கோலாகக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் விளக்கும் இசையும் முழங்க உனக்கான கோல் இதுதான் என்கிறார். அதன் பிறகு எந்தத் தகப்பனாரால் வாங்காமல் வெளியே வர முடியும்? 2014 முதல், வாங்கிய கோலைத் தெருவில் குறித்த இடங்களில் அசைத்தால் கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகள் ஆடும்படியும் செய்துவிட்டார்கள். விற்ற பொருளுக்கு அங்கேயே உபயோகமும் உண்டாக்கினார்கள்.

அதே 2014-ல் இன்னொரு வேலை செய்தார்கள். கதையின் லண்டன் தெருவை முதல் பூங்காவில் கட்டி, இரண்டுக்கும் இடையே கதையில் வரும் ரயிலை ஓடவிட்டார்கள். ரயிலில் ஏற வேண்டுமானால் இரு பூங்காக்களுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வேண்டும். அரிசி வாங்க வந்தவரைப் பருப்பும் வாங்க வைப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

டிஸ்னி இதைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. அவதார் படத்தின் உலகத்தை 2017-லும், ஸ்டார் வார்ஸ் நகரத்தை 2019-லும் கட்டியது. அதற்குப் பதிலாக யுனிவர்சல் 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்காவையே திறந்தது. எதிர்க்கடை வந்ததால் பழைய கடை சோம்பல் முறித்தது. பழைய கடை விழித்துக்கொண்டதால் புதிய கடை இன்னும் உழைத்தது. மொத்தத்தில் ஊருக்கு வரும் கூட்டம் பெருகியது. மசாலாக் கடைகள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தால் அந்தத் தெருவுக்கே ஆட்கள் தேடி வருவதை நாம் அறிவோம்.

வரிசையில் நிற்பதன் விலை

இந்தப் பூங்காக்களில் ஒருநாள் முழுக்க இருப்பவர் சவாரியில் உட்காரும் நேரத்தைவிட வரிசையில் நிற்கும் நேரமே அதிகம். ஒரு பூங்காவை மற்றதைவிடச் சிறந்ததாக்குவது பெரும்பாலும் இந்த வரிசைதான்.

காத்திருப்பதைப் பற்றி டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெயர் பெற்றது. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பது அதைவிட நீளம். பின்னால் வந்தவர் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாவற்றையும்விட நீளம் என்பது அவர் கருத்தின் சாரம். டிஸ்னி இதை நடைமுறையில் காட்டியது. வரிசையை வளைத்து வளைத்துக் கொண்டுபோய் அதன் முழு நீளம் கண்ணில் படாமல் செய்வார்கள். சுவரில் படங்கள், தொட்டு விளையாடும் பொருள்கள் வைப்பார்கள். வாசலில் எத்தனை நிமிடம் ஆகும் என்று பலகை இருக்கும். பலமுறை அதில் உண்மையைவிடக் கூடுதலான நேரத்தையே போட்டிருப்பார்கள். 60 நிமிடம் என்று நினைத்து நின்றவர் 45 நிமிடத்தில் ஏறிவிட்டால் மகிழ்ந்து போகிறார்.

1999-ல் டிஸ்னி ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. சீட்டைக் காட்டி நேரம் குறித்துக்கொண்டு போய், அந்த நேரத்தில் வந்தால் குறுகிய வரிசையில் ஏறலாம். பணக்காரருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கும் ஒரே விதி, கட்டணம் இல்லை. யுனிவர்சலோ விரைவு வரிசைக்குத் தனிக் கட்டணம் வசூலித்தது; அதன் விலை உயர்ந்த விடுதிகளில் தங்குபவருக்கு மட்டும் இலவசம். இந்த ஒரு விஷயத்தில் பல ஆண்டுகள் டிஸ்னியின் கை ஓங்கியிருந்தது.

கொரோனாக் காலத்தில் நிறுத்திய அந்த இலவச ஏற்பாட்டை டிஸ்னி பிறகு தொடரவில்லை. புளோரிடாவில் 2021 அக்டோபரில் நாளுக்கு 15 டாலர் கட்டணத்துடன் வேறு ஏற்பாடு வந்தது. சில பெரிய சவாரிகளுக்கு அதன் மேலும் தனிக் காசு. 2024 இறுதியில் எல்லா விரைவு வரிசைகளுக்கும் சேர்த்து, நெரிசல் நாளில் ஒருவருக்கு 400 டாலரைத் தாண்டும் சீட்டும் வந்துவிட்டது. இது நுழைவுக் கட்டணம் போக. 1971-ல் பெரியவர் ஒருவருக்கு 3.50 டாலராக இருந்த நுழைவுக் கட்டணம், 2025-ன் நெரிசல் நாட்களில் 190 டாலரைத் தாண்டியது.

பழைய காலத்தில் டிஸ்னி பூங்காக்களில் ஏ முதல் ஈ வரை தரம் பிரித்த கூப்பன் புத்தகம் விற்றார்கள். பெரிய சவாரிக்கு ஈ கூப்பன், சின்னதுக்கு ஏ கூப்பன். ஒவ்வொரு வாசலிலும் கூப்பனைக் கிழித்துக் கொடுக்கும் தொல்லை வேண்டாம் என்று 1982-ல் அதை ஒழித்து, ஒரே கட்டணம் என்றாக்கினார்கள். மக்களும் நிம்மதியடைந்தார்கள். இன்று கைபேசி வழியாக அதே கூப்பன் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது என்பதே பழைய வாடிக்கையாளர்களின் மனக்குறை. வரிசையில் நிற்கும் குழந்தை, பக்கத்து வரிசையில் பணம் கட்டியவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. கல்லாவுக்கு வரவு, மனத்துக்குள் ஒரு பற்று.

சின்னக் காசும் பெரிய கசப்பும்

டிஸ்னியின் புளோரிடா விடுதிகளில் தங்குபவர்கள் காரை இரவில் இலவசமாக நிறுத்தி வந்தார்கள். 2018-ல் அதற்கும் கட்டணம் போட்டார்கள். நூற்றுக்கணக்கான டாலர் வாடகை கொடுத்தவரை வாட்டியது இந்தச் சில்லறைத் தொகைதான். 2023 ஜனவரியில் அதை ரத்து செய்தார்கள். அதே ஆண்டில், லாபத்தைப் பெருக்கும் ஆர்வத்தில் சில விலைகளைச் சற்று அதிகமாகவே ஏற்றிவிட்டிருக்கலாம் என்று கம்பெனித் தலைவர் பாப் ஐகரே வெளிப்படையாகச் சொன்னார்.

இதைவிடப் பெரிய பாடம் ஸ்டார் வார்ஸ் விடுதி. 100 அறைகள், விண்வெளிக் கப்பலில் போவது போன்ற அமைப்பு, இரண்டு இரவுக்கு இருவருக்குச் சுமார் 4,800 டாலரிலிருந்து கட்டணம். 2022 மார்ச்சில் திறந்தார்கள். போனவர்கள் பலர் புகழ்ந்தார்கள். ஆனால் அந்த விலைக்குப் போகக்கூடியவர்கள் சில மாதங்களில் தீர்ந்துபோனார்கள். 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். சரக்கு நல்ல சரக்குதான். வாங்குகிறவர் மறுபடி வர முடியாத விலை வைத்தால் நல்ல சரக்கும் தேங்கும்.

பெரியவர்களுக்கு நடுவே சிறியவர்கள்

நமக்கு மிகவும் நெருங்கிய செய்தி இனிமேல்தான். டிஸ்னி வருவதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற பூங்கா ஒன்று இருந்தது. 1936-ல் தொடங்கிய சைப்ரஸ் கார்டன்ஸ். மலர்த் தோட்டமும், ஏரியில் நீர்ச் சறுக்குக் காட்சியும் அதன் சிறப்பு. 1971-க்குப் பிறகு மக்கள் டிஸ்னி பக்கம் திரும்பினார்கள். சைப்ரஸ் கார்டன்ஸ் பல கைகள் மாறியது. 2003-ல் மூடியது, அடுத்த ஆண்டு புதிய முதலாளியிடம் ரோலர் கோஸ்டர்களோடு திரும்பத் திறந்தது, 2009-ல் ஒரேயடியாக மூடியது. பெரியவரைப் போலத் தானும் ஆக முயன்ற முதல் அதற்குத் தாங்கவில்லை.

அதே நிலத்தில் 2011 அக்டோபரில் லெகோலாண்டு வந்தது. அவர்கள் எல்லாரையும் அழைக்கவில்லை. 2 வயது முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் இருக்கும் குடும்பம் மட்டும் போதும் என்று முடிவு கட்டினார்கள். பழைய தோட்டத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். அந்த இடம் மறுபடி பிழைத்தது.

கேட்டர்லாண்டின் கதை இன்னும் தெம்பூட்டுவது. 1949-ல் ஓவன் காட்வின் என்பவர் சாலையோரத்தில் பாம்பும் முதலையும் காட்டத் தொடங்கிய சிறு பூங்கா அது. இன்றும் அந்தக் குடும்பத்தின் சொத்து. டிஸ்னி வந்தது, யுனிவர்சல் வந்தது, சீ வேர்ல்டு வந்தது; கேட்டர்லாண்டு அசையவில்லை. பிறந்த வாய் போலத் திறந்திருக்கும் முதலை வாயே அதன் அடையாள வாசல். உள்ளே உயிருள்ள முதலைகள், கோழி இறைச்சிக்காக நீரிலிருந்து துள்ளி எழும்பும் காட்சி. டிஸ்னியின் காட்டுப் படகுச் சவாரியில் இயந்திர மிருகங்கள். இங்கே நிஜ முதலை. பெரிய பூங்காக்களின் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் நுழைவு. வண்டி நிறுத்தக் காசு கிடையாது. அரை நாளில் பார்த்து முடிக்கலாம். பெரிய பூங்காவில் மூன்று நாள் அலைந்து பணமும் காலும் களைத்த குடும்பத்துக்கு நான்காம் நாள் வேண்டியது இதுதான். பெரியவரின் வாடிக்கையாளரையே, பெரியவர் தர முடியாத ஒன்றைக் கொண்டு தன் வாசலுக்கு அழைக்கிறது.

நம் கடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஆகவே எது சிறந்த பூங்கா? சிறு குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு டிஸ்னி; சவாரியில் ஆசை கொண்ட இளைஞருக்கு யுனிவர்சல்; அரை நாள் நேரமும் அளவான பணமும் உள்ளவருக்கு கேட்டர்லாண்டு. யாருக்காகக் கடை நடத்துகிறோம் என்று தெளிவாகத் தெரிந்துவைத்திருப்பவரே அந்த ஊரில் நிலைத்திருக்கிறார். நம் பங்குக்குச் சிலவற்றைக் குறித்துக்கொள்வோம்.

1. மாலை நேர நெரிசலில் சிட்டையோடு நிற்பவரிடம், இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுவோம். ஏழு நிமிடத்தில் கட்டிக் கொடுப்போம்.

2. தெரிந்தவர், பெரிய பில் போடுபவர் என்பதற்காக, அரைக் கிலோ சர்க்கரைக்கு நிற்பவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். அவர் பேசாமல் நிற்பார், மறுமுறை வரமாட்டார்.

3. பைக்கு ஒரு காசு, வீட்டுக்கு அனுப்ப ஒரு காசு என்று பில்லின் ஓரத்தில் சேர்க்குமுன், அதில் வரும் வருமானத்தையும் வரும் கசப்பையும் இரு தட்டிலும் வைத்துப் பார்ப்போம்.

4. வேறு எங்கும் கிடைக்காத ஒரு சரக்காவது நம் கடையில் இருக்கட்டும். நாமே வறுத்து அரைத்த மிளகாய்த்தூளாகவோ, ஒரே ஊரிலிருந்து வரவழைக்கும் வெல்லமாகவோ அது இருக்கலாம்.

5. பெரிய கடை எதிரே வந்தால் அதன் கண்ணாடி அலமாரியையும் குளிர்சாதனத்தையும் பார்த்துக் கடன் வாங்கி நாமும் அப்படியே மாற வேண்டியதில்லை. நூறு கிராம் சீரகத்தை நிறுத்துக் கொடுப்பது, மாதச் சம்பளம் வரும்வரை கணக்கில் எழுதிக்கொள்வது, எந்த வீட்டில் எந்த அரிசி என்று நினைவில் வைத்திருப்பது, இவற்றைப் பெரிய கடை எளிதில் செய்ய முடியாது. அதையே இன்னும் நன்றாகச் செய்வோம்.

எதிரே கடை வருவதைத் தடுக்க நம் கையில் எதுவும் இல்லை. அந்தக் கடைக்குப் போகும் வாடிக்கையாளர் வாரத்தில் ஒரு நாளாவது நம் படியேற ஒரு காரணம் வைத்திருப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு நடுவே ஒரு குடும்பம் முதலைகளை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாகச் செய்து வருவது அந்த வேலையைத்தான்.